பிரிக்பீல்ட்ஸ் சித்த வைத்திய நிலையம்: ஆலோசனை அறைக்கு ஐந்து நட்சத்திரம், கவுண்டருக்கு ஒன்று

என் தாயாரின் முழங்கால் வலிக்காகக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு சித்த வைத்திய நிலையத்துக்கு மூன்று மாதங்களில் எட்டு முறை சென்று வந்தோம். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். நிலையத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். உள்ளே அமர்ந்திருக்கும் வைத்தியர்மீது எனக்கு உண்மையான மதிப்பு உண்டு; வெளியே இருக்கும் மருந்துக் கவுண்டர்மீது கடுமையான குறை உண்டு. பெயரைச் சொன்னால் படிப்பவர்கள் இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துவிடுவார்கள்.

முதலில் படிக்கட்டு. மூட்டுவலிக்காரர்களே அதிகம் வரும் நிலையம் கடைவீட்டின் முதல் மாடியில் இருக்கிறது, மின்தூக்கி இல்லை, செங்குத்தான 22 படிகள். முதல் நாள் அம்மா மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கினார். மேலே போய்ச் சேர்ந்ததும் வரவேற்பில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே வெந்நீர் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுப்பதாகச் சொன்னார், நம்புகிறேன்.

அம்மாவுக்கு வயது 68. பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவு. அதற்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறார். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின். இவை போதாதென்று இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பதால் ரத்தம் உறைந்து மூளைக்குப் போய்விடாமல் இருக்க வார்ஃபரின். அரசாங்க மருத்துவமனையில் எலும்பியல் மருத்துவர் முழங்காலைப் படம் பிடித்துப் பார்த்து, குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, அறுவைச் சிகிச்சை இப்போதைக்குத் தேவையில்லை, தொடைத் தசைக்கான உடற்பயிற்சியை விடாமல் செய்யுங்கள் என்றார். வலி மாத்திரை கேட்டபோது பாராசிட்டமோல் மட்டுமே தர முடியும் என்று சொல்லிவிட்டார். வார்ஃபரின் சாப்பிடுபவர் டைக்லோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றைச் சேர்த்துக்கொண்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து கூடும் என்று அவர் விளக்கியது எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கு அது கைவிரிப்பாகவே பட்டது. எங்கள் மக்களில் பலர் நாட்டு வைத்தியத்தைத் தேடிப் போவது ஆங்கில மருத்துவத்தின்மேல் உள்ள வெறுப்பால் அல்ல என்று நான் நினைக்கிறேன். ‘இனி பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பிறகு வேறு எந்தக் கதவைத் தட்டுவது?

ஆலோசனைக்கு 60 ரிங்கிட். அந்தத் தொகைக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் கிடைத்தது. வைத்தியர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. தமிழ்நாட்டில் சித்த மருத்துவப் பட்டம் பெற்றவர். நாற்காலிக்குப் பின்னால் அவருடைய பதிவுச் சான்றிதழும் செல்லுபடியாகும் தொழில் சான்றிதழும் சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தன. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்படி இத்தகைய மருத்துவம் பார்ப்பவர்கள் அதற்கான மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்களோடு ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவ முறை ஆகியவையும் அந்தச் சட்டத்தின்கீழ் வருகின்றன. சித்தமும் ஆயுர்வேதமும் இந்தியப் பாரம்பரிய மருத்துவம் என்ற தலைப்புக்குள் அடங்கும். சான்றிதழில் இருந்த பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு அன்றிரவே சுகாதார அமைச்சின் இணையப் பட்டியலில் சரிபார்த்தேன். பெயர் இருந்தது. இதைச் செய்வதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. வீடு வாங்கும்போது சொத்துப் பத்திரத்தைப் பார்க்கிறோமே.

எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது சான்றிதழைப் பார்த்தபோது அல்ல. நாடி பார்ப்பதற்கு முன்பே, “அம்மா, ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்து எல்லாவற்றையும் கொண்டு வந்திருக்கிறீர்களா?” என்று அவர் கேட்டபோதுதான் வந்தது. நான் பையைக் கவிழ்த்தேன். ஒவ்வோர் அட்டையையும் எடுத்துப் பெயரும் அளவும் எழுதிக்கொண்டார். வார்ஃபரின் அட்டையை மட்டும் தனியே வைத்தார். கடைசியாக ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்பதன் அளவு; எண் கூடினால் ரத்தக் கசிவு ஆபத்தும் கூடும்) எவ்வளவு என்று கேட்டார், 2.4 என்றேன், அதையும் எழுதினார். பிறகு, வீட்டில் வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று அம்மாவிடமே மெல்ல விசாரித்தார். வெந்தயம் ஊறவைத்த நீர், பக்கத்து வீட்டுச் சீன அம்மையார் தந்த ஜின்செங் தேநீர், கிள்ளானில் இருக்கும் மாமா அனுப்பிய சிறுகுறிஞ்சான் பொடி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒரே வீட்டில் இருக்கும் எனக்கு இவற்றில் இரண்டு தெரியாது.

சிறுகுறிஞ்சானும் வெந்தயமும் சர்க்கரையைக் குறைக்கக் கூடியவை. கிளிக்லசைடும் அதே வேலையைச் செய்கிறது. எல்லாம் ஒன்று சேர்ந்தால் சர்க்கரை தேவைக்குமேல் இறங்கி நடுராத்திரியில் வியர்த்து மயங்கும் நிலை வரலாம் என்று வைத்தியர் விளக்கினார். ஜின்செங் வார்ஃபரினின் வேலையில் குறுக்கிடக் கூடியது என்றார். சமையலில் போடும் மஞ்சள், பூண்டு, இஞ்சி பற்றி அம்மா கவலையோடு கேட்டதற்கு, குழம்பில் போடும் அளவைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம், அதையே செறிவாக்கி மாத்திரையில் அடைத்து விற்பதுதான் வேறு விஷயம் என்று பதில் வந்தது.

அதன்பின் அம்மா எதிர்பாராத ஒன்றை வைத்தியர் சொன்னார். “வார்ஃபரின் சாப்பிடுகிற உங்களுக்கு உள்ளுக்கு நான் எதுவும் தரமாட்டேன் அம்மா. வெளிப்பிரயோகம் மட்டும் செய்யலாம்.” அமுக்கரா சூரணமாவது கிடைக்கும் என்று வந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. ‘ஒரு கஷாயம்கூடக் கிடையாதா?’ என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். கிடையாது என்பதுதான் பதில். மூட்டுவலிக்குச் சித்தத்தில் வழக்கமாகக் கொடுக்கப்படும் ரசகந்தி மெழுகு பற்றி நானே கேட்டேன். அதில் பாதரசமும் கந்தகமும் சேர்கின்றன, முறைப்படி சுத்தி செய்து நச்சு நீக்கியிருந்தாலும் இத்தனை நோய்களுள்ள ஒருவருக்கு அதைக் கொடுக்கத் தமக்குத் துணிவில்லை என்று நேராகவே சொன்னார். மருந்து விற்று லாபம் பார்க்கும் இடத்தில் ‘இல்லை’ என்று சொல்லத் தெரிந்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆலோசனை அறைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது இதற்காகத்தான்.

துணை மருத்துவம், மாற்று மருத்துவம் என்ற இரண்டு சொற்களையும் நாம் ஒன்றாகவே பேசிவிடுகிறோம். மருத்துவமனைச் சிகிச்சையை விடாமல் அதனோடு கிழி ஒத்தடம் எடுத்துக்கொள்வது துணை. மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் நம்புவது மாற்று. பெரிய விபரீதங்கள் இரண்டாவதில் நேரலாம். குணப்படுத்தக்கூடிய புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையைத் தவிர்த்து மாற்று மருத்துவத்தை மட்டும் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மரண ஆபத்து இரண்டரை மடங்கு இருந்ததை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். எங்கள் வைத்தியர் இந்த இரு சொற்களையும் பயன்படுத்தவில்லை. ஆனால் அம்மாவின் கோப்பில் முதல் வரியாக ‘ஆஸ்பத்திரி மருந்து எதையும் நிறுத்தக் கூடாது’ என்று எழுதி, அதை எங்களுக்கும் வாசித்துக் காட்டினார்.

சிகிச்சை அறையைப் பற்றிச் சொல்ல நல்லதுதான் அதிகம். நொச்சி, ஆமணக்கு இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்த கிழியைச் சூடாக்கி முழங்காலில் ஒற்றி எடுக்கிறார்கள். அந்த வாசனைக்கே பாதி வலி போய்விடும் என்பது அம்மாவின் கட்சி. கிழியைத் தொடும் முன், பணிப்பெண் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லி, பாதத்திலும் முழங்காலிலும் பஞ்சால் வருடி, எங்கே தொடுகிறேன் என்று கேட்டார். நீரிழிவு நாட்பட்டவர்களுக்குக் கால் மரத்துப்போயிருக்கும், சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகே தெரியும் என்பதால் இந்தச் சோதனை. அம்மாவின் இடது பாதத்தில் உணர்வு மந்தமாக இருந்ததால் கிழி முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. தொக்கணம் என்ற சித்த முறைத் தேய்ப்பிலும் அழுத்தாமல் மேலோட்டமாகவே தடவினார்கள், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு அழுத்தினால் உள்ளே ரத்தம் கட்டும் என்பதால். இதே காரணத்துக்காக, கீறி ரத்தம் எடுக்கும் பெக்காம் செய்துகொள்ள வேண்டாம் என்றும் எச்சரித்தார்கள். முப்பத்தைந்து நிமிடத்துக்கு 90 ரிங்கிட். மலிவு என்று சொல்ல முடியாது. திரை மெல்லியது, பக்கத்துப் படுக்கையில் இருப்பவரின் குடும்பக் கதை முழுவதும் காதில் விழும். துண்டுகள் சுத்தமாக இருந்தன.

இனி கவுண்டர்.

சிகிச்சை முடிந்து பணம் கட்டும் இடமும் மருந்து விற்கும் இடமும் ஒன்றே. கண்ணாடி அலமாரியில் வரிசையாகப் போத்தல்கள். மேலே, ‘நீரிழிவு, சிறுநீரகம், இதயம் - முற்றிலும் குணம்’ என்று பெரிய எழுத்தில் ஒரு பதாகை. மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்துகள் விளம்பர, விற்பனைச் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா, ரத்த அழுத்தம், சிறுநீரக, இதய நோய்கள் உள்ளிட்ட 20 நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்தப் பதாகையின் ஒரே வரியில் மூன்று மீறல்கள். பத்தடி தள்ளி, கதவுக்குப் பின்னால், உள்ளுக்கு எதுவும் தரமாட்டேன் என்று சொன்ன வைத்தியர் அமர்ந்திருக்கிறார்.

அம்மா என்னைக் கீழே காரை எடுக்க அனுப்பிவிட்டு, இரண்டாவது முறை போனபோது அந்தக் கவுண்டரில் மூட்டுவலி லேகியம் ஒன்றை 85 ரிங்கிட்டுக்கு வாங்கியிருக்கிறார். விற்ற பெண், ‘எல்லாம் மூலிகைதான் ஆன்ட்டி, பக்கவிளைவே இல்லை’ என்று சொன்னாராம். வீட்டில் ஹார்லிக்ஸ் டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துப் பத்து நாள் சாப்பிட்டிருக்கிறார். மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டது என்று எங்களிடம் சொன்னபோது, கிழியின் மகிமை என்று நாங்கள் பூரித்துப்போனோம். அந்த வாரம் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை வழக்கமான 7 மில்லிமோலிலிருந்து 11க்கு ஏறியது. கையில் காரணமில்லாமல் ஊதா நிறத் திட்டுகள் தோன்றின. அடுத்த பரிசோதனையில் ஐஎன்ஆர் 4.8. அம்மாவுக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும்.

மருத்துவமனை மருந்தாளுநர் ஓர் இளம் மலாய்ப் பெண். கோபிக்கவே இல்லை. ‘மாக்சிக் (ஆன்ட்டி), வேறு ஏதாவது சாப்பிட்டீர்களா, நான் திட்டமாட்டேன்’ என்று அவர் கேட்ட தொனியில்தான் அம்மா உண்மையைச் சொன்னார். வார்ஃபரினை இரண்டு நாள் நிறுத்தி வைத்தார்கள். லேகியத்தை உடனே விடச் சொன்னார்கள். தலைசுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு வந்தால் அவசரப் பிரிவுக்கு வரச் சொன்னார்கள். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் புதிது. மூட்டுவலிக்கு என்று விற்கப்படும் பதிவில்லாத ஜாமு (மலாய் மூலிகை மருந்து), லேகிய வகைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டு வலியைச் சட்டென்று அடக்கும், சர்க்கரையை ஏற்றும், நாட்பட்டால் முகம் உப்பும், உடல் தானே சுரக்க வேண்டியதைச் சுரக்க மறந்துவிடுவதால், மாதக்கணக்கில் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்துவதுகூட ஆபத்து. பத்து நாளிலேயே தெரிந்தது நல்லதாயிற்று என்று அவர் பெருமூச்சு விட்டார்.

அம்மா சாப்பிட்டதில் ஸ்டீராய்டு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. போத்தலில் என்ன இருந்தது என்று எவராலும் சொல்ல முடியவில்லை என்பதே என் குறை. சீட்டில் ‘அரிய மூலிகைகள் 32’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது. ஒரு மூலிகையின் பெயரும் இல்லை, தயாரித்தவரின் முகவரி இல்லை, காலாவதித் தேதி இல்லை, மால் எண்ணும் இல்லை.

மால் எண் என்பது மலேசியாவில் பதிவு பெற்ற ஒவ்வொரு மருந்துப் பொட்டலத்திலும் இருக்க வேண்டியது: எம்ஏஎல் என்ற மூன்று எழுத்துகள், தொடர்ந்து எட்டு இலக்கங்கள், அதன் பிறகு மருந்தின் வகையைக் குறிக்கும் எழுத்து. பாரம்பரிய மருந்தானால் டி (T). கூடவே ஃபார்மாடேக் என்ற பளபளக்கும் பாதுகாப்பு ஒட்டியும் இருக்கும். ஃபார்மாசெக்கர் செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டால் அது போலியா என்று பார்க்கலாம். இந்த எண் இருந்தால் மருந்து நோயைத் தீர்க்கும் என்று பொருள் அல்ல. பாரம்பரிய மருந்துகளுக்குத் தரமும் பாதுகாப்பும் பார்த்துத்தான் பதிவு தருகிறார்கள்; பயன் தலைமுறை வழக்கத்தை ஒட்டியே சொல்லப்படுகிறது. ஆனால் ஈயம் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும், பாதரசம் 0.5 மில்லிகிராமுக்கு மேலும் இருக்கக் கூடாது என்ற வரம்பை அது தாண்டி வந்திருக்க வேண்டும். இந்த வரம்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு சொன்னது. உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் பற்பமும் செந்தூரமும் பரம்பரைச் சொத்துதான். அவற்றைச் சுத்தி செய்யும் முறைகளைச் சித்தர்கள் விரிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். கவுண்டரில் காசு கொடுத்து வாங்கும் நமக்கு, அந்தச் சுத்தி நடந்ததா என்று எப்படித் தெரியும்?

பக்கவிளைவைப் புகார் செய்ய நுகர்வோருக்கென்றே கான்செர்ஃப் என்ற படிவம் இருக்கிறது. மருந்தாளுநரின் உதவியோடு அதை நிரப்பி, மிச்சமிருந்த லேகியத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் இன்னும் வரவில்லை.

அடுத்த முறை போனபோது வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. கவுண்டர் கட்டட உரிமையாளரின் உறவினர் நடத்துவது, தமக்கும் அதற்கும் வாடகைத் தொடர்பு மட்டும்தான் என்றார், மன்னிப்பும் கேட்டார், 85 ரிங்கிட்டைத் தாமே எடுத்துத் தந்தார். அவர் வருத்தம் உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை ஒன்றுதானே! அதன் கீழே ஏறி வரும் வயதானவருக்கு, அறைக்குள் நடப்பது வைத்தியம், அறைக்கு வெளியே நடப்பது வியாபாரம் என்று எப்படித் தெரியும்? இதையும் அவரிடம் சொன்னேன். தலையாட்டினார். ஏழாவது முறை போனபோது பதாகையில் ‘முற்றிலும் குணம்’ என்ற சொற்களின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது; எட்டாவது முறை அந்தத் தாளின் ஒரு மூலை உரிந்து தொங்கியது.

ஒப்பிடுவதற்காக, கோலாலம்பூரின் லெபோ அம்பாங் பக்கம் உள்ள பழைய நாட்டு மருந்துக் கடை ஒன்றையும் சொல்ல வேண்டும். அங்கே வேரையும் பட்டையையும் அப்படியே நிறுத்துக் கட்டித் தருகிறார்கள். அவற்றில் மால் எண் இருக்காது, ஆனால் வாங்குவது இன்னது என்று கண்ணுக்குத் தெரியும். அதிமதுரம் கேட்டபோது, ‘அம்மாவுக்கு பிரஷர் இருக்கா?’ என்று கேட்டுவிட்டு, இருந்தால் தினமும் வேண்டாம் என்று பெரியவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் சொன்னது சரிதான்; அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், உடலில் பொட்டாசியம் குறையும். அதே பெரியவர் தோல் அரிப்புக்கு ஆடுதீண்டாப்பாளையைப் பரிந்துரைத்தபோது நான் வாங்காமல் வந்துவிட்டேன். அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைப் பழுதாக்குவதும் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயை உண்டாக்குவதும் அதன் குணம். மூலிகை என்பதாலேயே சாது என்று நினைக்க முடியாது.

செலவைப் பார்த்துத் தயங்குபவர்களுக்கு அரசாங்க மருத்துவமனைகளிலேயே வழி உண்டு. பினாங்கின் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் 2007 முதல் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவு இயங்குகிறது. போர்ட்டிக்சன் மருத்துவமனையில் நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாரா செய்கிறார்கள். மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டியிருக்கும், காத்திருக்கவும் வேண்டியிருக்கும். ஆனால் அங்கே கவுண்டரில் லேகியம் விற்கமாட்டார்கள்.

அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? முன்பைவிட நன்றாகவே. கிழியால்தான் என்று அம்மா சொல்கிறார். சூடும் தொடுகையும் வலியைச் சிறிது நேரம் ஆற்றும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. அந்த நேரத்தைப் பயன்படுத்தி, மருத்துவமனையில் சொல்லித் தந்த தொடைப் பயிற்சியை வைத்தியர் விடாமல் செய்யவைத்ததுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. லேகியச் சம்பவத்துக்குப் பிறகு ஐஎன்ஆர் 2.6க்குத் திரும்பிவிட்டது. ஜின்செங் தேநீர் நின்றுவிட்டது. சிறுகுறிஞ்சான் பொடியை மாமாவுக்கே திருப்பி அனுப்பியதில் அவருக்குச் சற்று மனத்தாங்கல்.

போக விரும்புபவர்களுக்கு: கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம், காரில் போனால் துன் சம்பந்தன் சாலையில் இடம் கிடைப்பது அரிது. செவ்வாய், புதன் பிற்பகல்களில் கூட்டம் குறைவு. எண்ணெய்க் கறை படும் என்பதால் பழைய உடை அணிந்து செல்லுங்கள். உங்கள் மருந்து அட்டைகள் எல்லாவற்றையும், சமையலறை அலமாரியில் ஒளிந்திருப்பவற்றையும் சேர்த்து, ஒரே பையில் கொண்டு போங்கள். பணம் கட்டும்போது நோயாளியோடு கூடவே நில்லுங்கள். காரைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். எட்டாவது முறை அம்மா அந்த 22 படிகளில் ஒரே ஓர் இடத்தில்தான் நின்றார். அதுவும் மூச்சு வாங்குவதற்காக இல்லை, பின்னால் நான் வருகிறேனா என்று பார்ப்பதற்காக.